முகூர்த்த நாளில் லீவு விட்ட கல்லூரி

"மண்டபத்துக்குப் போற பொண்ணு தாலியோட திரும்பி வரணும். நீ நோட்டத் தூக்கிக்கினு போறியே, அங்க இன்னா படிப்பு வந்துடும்?"

நான் பி.காம். சேர்ந்த அன்று பெரிய மாமா கேட்டது இது. அம்மாவின் அண்ணன், எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதலில் வாயைத் திறப்பவர். அவர் கேட்டதில் ஒரு பாதி உண்மை. என் கல்லூரி அப்போது ஒரு கல்யாண மண்டபத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

போன வாரம் திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் பேருந்தில் வந்தேன். முன் இருக்கையில் மலைக்குப் போய்வந்த ஒருவர்; மொட்டைத் தலையிலிருந்து சந்தன வாசனை. அந்த வாசனை வந்தால் எல்லோருக்கும் சாமி ஞாபகம் வரும். எனக்கு அக்கவுண்ட்ஸ் வகுப்பு ஞாபகம் வருகிறது. முந்தின ராத்திரி ரிசப்ஷனின் சந்தனம், பன்னீர், அடியில் கொஞ்சம் புளித்த சாம்பார்: எங்கள் வகுப்பறை மூன்றும் கலந்துதான் மணக்கும். மண்டபம் வருகிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் பைக் ஷோரூம் நிற்கிறது.

மண்டபத்துக்காரர் வெல்ல வியாபாரி. ஆடியிலும் மார்கழியிலும் கட்டடம் சும்மா கிடக்கிறதே என்று கல்லூரி ஆரம்பித்தாரா, சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் இன்டரோடு, அதாவது பன்னிரண்டாவதோடு, நின்றுவிடுகிறார்களே என்று ஆரம்பித்தாரா, தெரியாது. ஆளைப் பார்த்து ஒன்றைச் சொல்வார். சொந்தக் கட்டடத்துக்கு ஊருக்கு வெளியே அஸ்திவாரம் போட்டிருந்தார். அதன் மேல் ஆடுகள் படுத்திருக்கும்.

மணமக்கள் உட்காரும் மேடைதான் ஆசிரியர்களுக்கு. கரும்பலகையை அலங்காரத் தட்டியில் சாய்த்து வைப்பார்கள். ஒருநாள் தெர்மோகோல் எழுத்துகளைக் கழற்றாமல் போய்விட்டார்கள். நாகராஜு சார் தேய்மானம் நடத்துகிறார், தலைக்கு மேல் 'சுரேஷ் வெட்ஸ் லாவண்யா' மினுமினுக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எங்களுக்கு சுரேஷ் சார்தான். பாவம், அவருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகூர்த்த நாளில் எங்களுக்கு லீவு. நாள்காட்டியைக் கிழிப்பதற்கு முன்பே எது நல்ல நாள் என்று எங்களுக்குத் தெரியும். பஞ்சாங்கத்தை அப்படிப் படித்த வணிகவியல் மாணவிகள் ஆந்திராவில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

பேருந்தில் திருப்பதிப் பெரிய கல்லூரிப் பெண்கள் ஏறுவார்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க. ஒருத்தி கேட்டாள்: "மீ காலேஜ்லோ ஈரோஜு மெனு ஏமி?" இன்றைக்கு உங்கள் காலேஜில் என்ன சமையல் என்று கிண்டல். என் தோழி செல்வி கார்வேட்டிநகரத்துக்காரி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சதுவு. மீக்கு காவாலா?" என்றாள். படிப்பு, உங்களுக்கும் வேணுமா என்று. அன்றைக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டர்கூடச் சிரித்தார்.

உள்ளே வந்தால் நாங்களே திட்டுவோம். நூலகம் என்பது மணப்பெண் அறையில் ஒரு பீரோ. கழிப்பறைச் சாவி சமையல்காரரிடம். திட்டுகிற உரிமை எங்களுக்குத்தான் என்று நினைத்தோம், வேறு யாருக்கும் இல்லை.

இரண்டாம் ஆண்டு முடிகிற சமயத்தில் விஷயம் முற்றிவிட்டது. மூன்றாம் ஆண்டுக்கு அனுமதி கொடுப்பதா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்களாம். கொடுக்காவிட்டால் எங்களைத் திருப்பதிக்கு மாற்றிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது மாற்றம். எனக்கு நிறுத்தம்; எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. "பொழுதோட வூடு வந்து சேர்ற மாதிரி இருந்தா படி. ஆஸ்டல் பேச்செல்லாம் வாணாம்" என்று நைனா முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாதியில் திரும்பினால் மாமா என்ன பேசுவார் என்பது மனப்பாடமாகத் தெரியும்.

புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். தேய்த்த துணியோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. சொல்லாமல் வெள்ளிக்கிழமை வந்தார்கள். முகூர்த்தம்.

பரீட்சை நெருங்கியதால் நாகராஜு சார் எங்களை மொட்டை மாடிக்கு வரச் சொல்லியிருந்தார். தார்ப்பாய் நிழலில் வகுப்பு. கீழே நாதசுரம். வந்த இரண்டு அதிகாரிகளையும் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துப் பெண்வீட்டார் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பந்தியில் உட்கார வைக்கக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தப்பித்து மேலே வந்தபோது மூத்தவரின் சட்டையெல்லாம் ஈரம்.

"இதி காலேஜா, ஃபங்ஷன் ஹாலா?" என்றார் சாரைப் பார்த்து. சார் கையிலிருந்த சாக்பீசைக் கீழே வைத்தார். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"கிந்த பெள்ளி ஜருகுதோந்தி சார். பைன சதுவு ஜருகுதோந்தி." கீழே கல்யாணம் நடக்கிறது, மேலே படிப்பு நடக்கிறது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் வீடுகளில் எங்களைக் கீழேதான் உட்கார வைக்கப் பார்த்தார்கள். நாங்கள் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறோம்" என்பதையும் தெலுங்கிலேயே சொன்னேன்.

மூத்த அதிகாரி சாக்பீசை எடுத்து நீட்டி ஒரு கணக்கு கொடுத்தார். போட்டேன். பாதியில் பின்னாலிருந்து செல்வி, "ஏய், தேய்மானத்த முழுங்கிட்ட டீ" என்றாள். திருத்தினேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரச் சட்டையை உதறிக்கொண்டு கீழே இறங்கினார்.

அனுமதி வந்தது. அந்த வருஷமே சொந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. மூன்றாம் ஆண்டைச் சுண்ணாம்பு வாசனையில் படித்து முடித்தேன்.

இப்போது அங்கே ஐந்து மாடி, சொந்தப் பேருந்துகள். நுழைவாயில் பளிங்குக் கல்லில் கல்லூரி வரலாறு பொறித்திருக்கிறார்கள். அது புதுக்கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. மண்டபம் இல்லை, தார்ப்பாய் இல்லை, எங்கள் பேட்சே இல்லை. இப்போது படிக்கும் பெண்ணொருத்தியிடம் கேட்டேன். "மண்டபமா? யார்க்கா சொன்னது, சும்மா கத வுடாதீங்க" என்றாள்.

வீட்டிலிருந்தபடியே எம்.காம். முடித்த கையோடு திருப்பதியில் பிஎச்.டி. சேர்ந்துவிட்டேன். மண்டபத்திலும் குடோனிலும் பிறந்த எல்லையோரத் தனியார் கல்லூரிகள், அவற்றைப் பற்றி அவற்றில் படித்தவர்கள் சொல்வது: இதுதான் ஆய்வு. நைனா பேருந்து நிலையம்வரை வந்து, ஹாஸ்டலுக்கான பெட்டியைத் தானே தூக்கி ஏற்றிவிட்டார்.

போன வாரம் சித்தூர் வந்ததும் அதற்காகத்தான். செல்வி இப்போது மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரே உட்கார்ந்து செல்போனில் ரெக்கார்டரைப் போட்டேன்.

"நல்லதா சொல்லணுமா, நெஜத்த சொல்லணுமா டீ?"

"நீ பாட்டுக்குச் சொல்லு. ஓடிக்கினு இருக்குது" என்றேன்.