ஆரல்வாய்மொழிக்கு மண் ஏற்றிப் போனவன்

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. புன்னக்காயலுக்குள் லாரி வருவது இப்போது ஒன்றும் அதிசயமில்லை. கருவாடு ஏற்ற வாரத்துக்கு நாலு வருகிறது. இது வேறு சங்கதி. அடுத்த வீட்டு யாகப்பன், போன வருஷம்வரை வலை இழுத்துக்கொண்டிருந்தவன், லைசென்ஸ் எடுத்து, பம்பாய்க்குப் போகும் லாரியில் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். முதல் நடை கிளம்புமுன் பெண்டாட்டியிடம் காட்டிவிட்டுப் போக வண்டியைக் கொண்டுவந்திருந்தான். பின்னால் மலைபோல மிளகாய் வற்றல் மூட்டை. வாசலுக்கு வந்த என்னை அந்த நெடி பிடித்து உலுக்கி ஏழெட்டுத் தும்மல் போடவைத்தது.

சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "கடல விட்டுட்டுச் சக்கரத்துக்குப் போன மொத ஆளு நம்ம ஊருல இவந்தான்."

எனக்குச் சுருக்கென்றது. எழுபத்தைந்து வயதில் ரோஷம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன், அடங்கவில்லை. அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் பிள்ளையின் நல்ல நாளில் கிழவன் தன் பெருமை பேச வந்துவிட்டான் என்பார்கள். அதனால் தும்மிக்கொண்டே அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்வதில் தப்பில்லை. முதல் ஆள் நான்தான்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் மாட்டு வாலைத் தொட்ட ஆண்பிள்ளை கிடையாது. நானும் பன்னிரண்டு வயதில் தோணி ஏறியவன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓடும். பாய் கட்ட, சரக்கு அடுக்க, காற்றைப் பார்த்து நேரம் சொல்ல எல்லாம் தெரியும். இருபத்துநாலு வயதில், தோணிக்குத் தலைவரான தண்டல் பக்கத்தில் நின்று சுக்கான் பிடித்தேன். அப்படியே போயிருந்தால் தோணித் தண்டலாகவே ஆகியிருப்பேன். குறுக்கே பிலோமி வந்தாள்.

வந்தாள் என்றால் அவள் எங்கும் வரவில்லை, மூன்று வீடு தள்ளி இருந்தாள். கோவிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் ஒரு வரி பின்தங்கினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், பீடத்தில் நிற்கிற சாமியாரே வேகமாகப் பூசை வைப்பார். அவளுடைய அப்பனும் அண்ணனும் ஒரே வாடைக்காற்றில் ஒரே தோணியோடு போனவர்கள். பெண் கேட்டு எங்கள் வீட்டார் போனபோது அவளுடைய அம்மா சூசையம்மா குசினியில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேருக்கு அழுதது போதும். கடலுக்குப் போவாதவனுக்குத்தான் எம் மவளக் குடுப்பேன். உங்க பிள்ள கரையில ஒரு சோலி பாத்து நிலச்சிட்டு வரட்டும், அப்பறம் பேசுவோம்."

புன்னக்காயலில் கடலுக்குப் போகாத மாப்பிள்ளையைத் தேடுவது கடலில் மரநிழலைத் தேடுகிற மாதிரிதான். ஊரே சிரித்தது. நான் பிலோமியைப் பார்த்தேன். அவள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, "எங்கம்ம சொன்னதுதான் நான் சொல்லுததும். கடக்கரையில நின்னு கண்ணு பூத்துப் போவ என்னால முடியாது" என்றாள். அதற்குமேல் எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

மேலப்பாளையத்தில் மைதீன் அண்ணாச்சி இருந்தார். அவருடைய கைலிப் பொதிகளைக் கொழும்புக்கு எங்கள் தோணி ஏற்றிப் போயிருக்கிறது. ஒரு பொதிகூட நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம் என்பதால் என் முகம் அவருக்கு நினைவிருந்தது. அவருக்குப் பத்து மாட்டுவண்டி. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனால் நாகர்கோவிலுக்கும் அதற்குத் தெற்கே, மேற்கே உள்ள ஊர்களுக்கும் மாடுதான் ரயில். மேலப்பாளையத்தில் ஏற்றினால் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய். பத்து வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சாரை என்போம்.

"மாடு பத்தத் தெரியுமாவே?" என்றார் அண்ணாச்சி.

"தெரியாது. படிச்சிருவேன்."

"பொய் சொல்லாம இருக்கீரே, அதுக்காவ ஒரு நடை தாரேன். நாகர்கோயில் போயிட்டுத் திரும்பி வாரும். வண்டி, மாடு, சரக்கு மூணும் பத்திரமா வந்தா மணி கட்டுவோம். இல்லன்னா இன்ஷா அல்லா, தோணி எங்கயும் போயிராது."

இந்த மணி சமாசாரத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்தச் சாரையில் ஒவ்வொரு வண்டிமாட்டின் கழுத்திலும் வண்டிக்கொரு ஓசையில் வெண்கல மணி இருக்கும். முன்வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே எந்த வண்டி பின்தங்குகிறது என்று காதால் தெரிந்துகொள்வார். புது ஆளின் மாட்டுக்கு மணி கிடையாது. அவன் சாரையின் நடுவில்தான் போகவேண்டும், முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண் அவன்மேல் இருக்கும்படி. ஒரு நடை ஒழுங்காக முடித்தவனுக்குத்தான் மணி. மணி கட்டினால் வண்டிக்காரன். கட்டாதவரை கூலிக்கு ஏறியவன். எனக்கு அந்த மணிதான் பிலோமி.

முன்வண்டி சுடலையுடையது. நாற்பது வயதிருக்கும், ராதாபுரத்துக்காரர். பனங்கட்டை மாதிரி உடம்பு, பேச்சும் அப்படியே. என்னைப் பார்த்ததும், "நம்ம சாரைக்கு இப்ப மீனு வேற வந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து என் பெயர் தோணிக்காரன். எனக்குக் கிடைத்த ஜோடியில் ஒன்று மயிலை, ஒன்று செவலை. பனைமர உயரத்துக்கு எழும்பும் அலைக்குக் கலங்காதவன் அந்தச் செவலையின் பின்னங்காலுக்குப் பயந்து இரண்டு நாள் தூரத்திலிருந்தே புல் போட்டேன். இதைப் பிலோமியிடம் கடைசிவரை சொன்னதில்லை.

அது ஆனி மாதம். ஆனி ஆடியில் கணவாய்ப் பக்கம் காற்றுக் கடுமையாக இருக்கும் என்பதால் அரிசி, கருப்பட்டி என்று கனமான சரக்குத்தான் வழக்கமாகப் போகும். அந்த வருஷம் நாகர்கோவிலில் வற்றலுக்குத் தட்டுப்பாடு. அண்ணாச்சி பத்து வண்டிக்கும் வற்றல் மூட்டை போட்டார். கனம் குறைவு, உயரமோ உயரம். கிளம்புகிற நாள் காலையில் அவரவர் வண்டிக்கு அவரவர் சரக்கு அடுக்கினோம். அடுக்கு வேலைதானே, அதில் என்னை அடிக்க ஆள் ஏது என்று நான் மீசையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினேன். எதிர்க்காற்றில் அலை ஏறிப் போகவேண்டுமானால் தோணியின் மூக்கு லேசாக இருக்கவேண்டும். சரக்கைப் பின்னால் தள்ளிப் போடுவோம். அப்படியே போட்டேன். முடிச்சைப் பார்த்து நானே ரசித்தேன்.

மாட்டைப் பூட்டிப் பத்தடி போகவில்லை. பின்பாரம் இழுக்க, நுகத்தடி மாடுகளின் கழுத்தைவிட்டு மேலே எழும்பியது. நுகத்தோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற பூட்டாங்கயிறு இறுகி, செவலையும் மயிலையும் நாக்கைத் தள்ளிக்கொண்டு முன்னங்காலைத் தூக்கி நின்றன. எனக்குக் கை ஓடவில்லை. சுடலை ஓடிவந்து நுகத்தின்மேல் வயிற்றைப் போட்டுத் தொங்கி அமுக்கினார்.

"ஏலே, மாட்டத் தூக்குல போடவா வந்த? அவுருலே கயித்த."

என் முடிச்சு அவிழவில்லை. கடல் முடிச்சு அல்லவா, இழுக்க இழுக்க இறுகும். அரிவாளால் வெட்டினார்கள். மாடுகள் இருமின. தெருவே கூடிச் சிரித்தது. தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தவர்களும் உண்டு. சுடலை சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுக்கு அச்சுதான்வே எல்லாம். பாரம் அச்சு மேல இருக்கணும். முன்ன போனா மாட்டு கழுத்து ஒடியும், பின்ன போனா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சியிடம் இவன் வேண்டாம் என்றார். அண்ணாச்சி புதுக் கயிறு ஒன்றை எடுத்து என்னிடம் போட்டார். "ஒரு நடைன்னு சொல்லிட்டேன் சுடலை. போவட்டும்" என்றார். முழுச் சரக்கையும் இறக்கி மறுபடி அடுக்கினேன். அவமானத்தில் வற்றல் நெடிகூட உறைக்கவில்லை.

மூன்று நாள் நடுவில் போனேன், மணியில்லாமல். யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் மாடுகளோடு பேசிக்கொண்டு போனேன். பணகுடி தாண்டும்போது செவலை என் தோளில் மூக்கை உரசியது. அதில் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

நாலாம் நாள் விடிந்து காவல்கிணற்றில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினோம். மேற்கே மலை இடைவெளியில் மேகம் வேகமாகக் கிழிந்து கிழிந்து ஓடியது. காற்றில் ஈரமும் இருந்தது. நாங்கள் கச்சான் என்று சொல்கிற மேல்காற்று. கடலில் அந்த மேகத்தைப் பார்த்தால் பாதிப் பாயைச் சுருட்டிவிடுவோம். என் வண்டியைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மூட்டை, மேலே கித்தான் படுதா, அடியில் கனமே இல்லை. வெறுந்தோணி கடலில் கவிழாமலிருக்க நாங்கள் அடியில் மணல் போட்டுக்கொண்டு போவோம். எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இந்தக் காத்துக்கு அடியில மண்ணு போடணும்" என்று சுடலையிடம் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரக்க இழுக்கவே மாடு மொனங்குது. நீரு ரோட்டு மண்ண ஏத்துதேங்கீரு. மூளை வெயில்ல காஞ்சி போச்சா? பதினஞ்சி வருசமா இந்தக் கணவாய்ல போயிட்டு வாரேன்."

"அதெல்லாம் அரிசியும் கருப்பட்டியும் அண்ணாச்சி. இது வத்தல்."

"உம்ம மாடு, உம்ம பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கிழிசலுக்கு ஆகும் என்று ஒவ்வொரு வண்டியிலும் வெறும் சாக்குகள் கிடக்கும். நான் தனியாகப் பாதிச் சரக்கை இறக்கினேன். ஆறு சாக்கில் செம்மண் அள்ளி, தைத்து, சரியாக அச்சுக்கு மேலே, வலப்பக்கம் மூன்று இடப்பக்கம் மூன்று வைத்து, மேலே வற்றலை அடுக்கினேன். அச்சுக்கு மேலே என்பது சுடலை சொன்னது. மண் என்பது நான் படித்தது. படுதாவின் காற்றுப்பக்கத்து ஓரத்தை மூட்டைக்கு அடியில் செருகி இறுக்கினேன், காற்று உள்ளே நுழையாதபடி. முடிச்சு மட்டும் இந்தத் தடவை வண்டிக்காரன் முடிச்சு. மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பிசகினால் இனி கடலும் இல்லை கரையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கணவாய் வாய்க்குள் நுழைந்ததும் காற்று அடித்தது என்று சொன்னால் போதாது. ஆளைத் தள்ளியது. முன்வண்டியின் படுதா பொம்மென்று உப்பியது. நான் கத்தினேன், காற்று என் சத்தத்தைப் பின்னால் கொண்டுபோயிற்று. ரோடு வளைந்த இடத்தில் காற்று விலாவில் அறைய, சுடலையின் வண்டி ஒரு சக்கரத்தில் எழும்பி, ஒரு கணம் நின்று, பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. நல்லவேளை அவர் குதித்துவிட்டார். கயிற்றை அறுத்து மாடுகளையும் எடுத்துவிட்டோம். மூட்டைகள் உடைந்து வற்றல் சிவப்பாகப் பறந்தது. மனுஷர், மாடு எல்லாரும் தும்மினோம். அழுகிறவர் யார், தும்முகிறவர் யார் என்று தெரியவில்லை. பின்னால் இன்னும் இரண்டு வண்டி ஆடத் தொடங்கின. ஆட்கள் தொங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

என் வண்டி நின்றது. நானே போய்த் தோளைக் கொடுத்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

சுடலை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து மண் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"வே தோணிக்காரரே, ஒரு வண்டிக்கு எத்தன சாக்கு மண்ணு போடணும்?"

அந்த ஒரு கேள்வியை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு விரிகிறது. பதினைந்து வருஷம் அந்தக் கணவாயைத் தாண்டிய மனுஷன், மூன்று நாள் வண்டிக்காரனிடம், அத்தனை பேர் முன்னால் கேட்டார். எனக்கு அந்த மனசு இருந்திருக்குமா என்று சந்தேகம்தான். "ஆறு, அண்ணாச்சி. அச்சு மேல" என்றேன். பத்து பேரும் மண் அள்ளினோம். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தி, மிஞ்சிய வற்றலைக் கூட்டிக் கட்டி, உச்சி வெயிலுக்குள் கணவாயைத் தாண்டிவிட்டோம். அந்தப் பக்கம் காற்று அடங்கியதும் மண்ணைக் கொட்டினோம். தோவாளை ரோட்டோரம் பத்துக் குவியல் செம்மண்ணைப் பார்த்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

மேலப்பாளையம் திரும்பியதும் அண்ணாச்சி ஒரு சின்ன மணியை எடுத்து வந்தார். சுடலை அதை வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது காணாது. பெரிசு குடுங்க. இனும கடைசி வண்டி இவருக்கு. அந்த மணி கேக்குத வரைக்கும் நான் திரும்பிப் பாக்க வேண்டாம்."

கடைசி வண்டி என்றால் குறைவாக நினைத்துவிடாதீர்கள். சாரையில் முன்வண்டிக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.

ஆவணியில் கல்யாணம். சூசையம்மா இந்தத் தடவை குசினியிலிருந்து வெளியே வந்து, மணியைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள். அப்புறம் இருபத்திரண்டு வருஷம் கடைசி வண்டி ஓட்டினேன். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் கருவாடு ஏற்ற ஆத்தூர் வழியாக ஊருக்கு வருவேன். உப்பளத்து மேட்டில் ஏறும்போதே மணி எங்கள் தெருவுக்குக் கேட்கும். பிலோமி உலை வைத்துவிடுவாள். நான் மாட்டை அவிழ்த்துக் காலைக் கழுவி உள்ளே வரும்போது சோறு கொதித்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் மற்ற பெண்களெல்லாம் கடற்கரையில் நின்று கண்ணால் தேடினார்கள். புருஷன் வருகிறதைக் காதால் கேட்டு அடுப்பு மூட்டியவள் அவள் ஒருத்திதான். அதை நான் அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய காரியம் எதையும் நான் செய்யவில்லை.

இப்போது கணவாயில் லாரிகள் எந்தக் காற்றையும் கேட்காமல் போகின்றன. சுடலை போனார், அண்ணாச்சி போனார். சாரை என்ற சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் பாம்பைத்தான் தேடுகிறார்கள். யாகப்பன் கிளம்பும்போது ஹாரன் அடித்தான். எல்லா லாரிக்கும் ஒரே சத்தம், அதில் அவன் பெண்டாட்டி அவனை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

அவன் போனபிறகு பெட்டியைத் திறந்து மணியை எடுத்தேன். களிம்பு ஏறியிருந்தது, புளி போட்டுத் தேய்த்து, வாசலில் நின்று ஒரு தடவை ஆட்டினேன். சத்தம் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றேன். குசினியில் யாரும் உலை வைக்கவில்லை.