லான் அக்காவின் குதிரைப் பாஷை

லான் அக்கா போய்விட்டா. காலையில் அவவின் மகன் போன் எடுத்துச் சொன்னான்... புறப்படுகிற அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கோ.

அவ ஹொங்கொங்காரி. எழுபதுகளின் கடைசியில், ஜேர்மனியில் டோர்ட்மண்டில் ஒரு சீன ரெஸ்ரோரண்ட் குசினியில் நானும் அவவும் கோப்பை கழுவினோம்.

எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, தெரியாது, அவவுக்குக் கொஞ்சம் விளங்கும். குதிரை ரேஸ் என்றால் அவவுக்கு உயிர். லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவா... வேலியோரம் நின்று, ஓடுகிற குதிரைகளைக் காட்டிக் காட்டித்தான் தன் கன்ரனீஸ் பாஷையைச் சொல்லித் தந்தா.

வேகம் என்றால் ஃபாய். மெதுவாக என்றால் மான் மான். வெற்றிக்கு யெங். விடாதே, ஓடு என்று கத்துவதற்குக் கா யாவ்.

தோல்விக்கு ஸ்யூ. அதைக் காதுக்குள்தான் சொல்லித் தந்தா. ரேஸ் நடக்கிற இடத்தில் அந்தச் சொல் வாயில் வரவே கூடாதாம். நான் மறந்துபோய்ச் சொல்ல, கையால் என் வாயைப் பொத்திவிட்டா.

என் மனுசன் பகிடி பண்ணுவார். "டொச் படியடி எண்டா, நீ குதிரையோட கதைக்கப் பழகிறாய்."

பிறகு மகள் பிறந்த நாள்... குசினியில் வைத்தே வலி தொடங்கிவிட்டது. இவர் வேலையில், சொல்லியனுப்ப ஆளில்லை. லான் அக்காதான் ஏப்ரனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தா.

பிள்ளையின் துடிப்புக் குறைகிறது போல. தாதிமாரின் முகம் மாறியது. டொச்சில் ஏதோ கத்துகிறார்கள்... முக்குவதா, பொறுப்பதா? பிழையாகச் செய்து பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

லான் அக்கா அவர்கள் சொல்வதைக் கேட்டு, எனக்குத் தெரிந்த சொல்லில் சொன்னா. "மான் மான்..." மூச்சை மெல்ல விட்டேன். "ஃபாய், ஃபாய்." முக்கினேன்.

ஒரு கட்டத்தில் ஏலாமல் போய், "ஸ்யூ, அக்கா" என்றேன். வாயைப் பொத்தினா. "கா யாவ், கா யாவ்" என்று அறை அதிரக் கத்தினா.

பிள்ளை அழுதது. அவ சுவரில் சாய்ந்துகொண்டு தானும் அழுதா.

அடக்கத்தில், தன் அம்மா எனக்குச் சொல்லித் தந்த பாஷையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அவவின் மகன் கேட்கிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரேஸ் சொல்... செத்த வீட்டில் அதைச் சொன்னால் அவவின் ஆட்கள் என்ன நினைப்பார்களோ.

டுசல்டோர்ஃபில் அவவின் வீட்டுக்குப் போக, என் மகள் காரை எடுக்கத் திறப்போடு நிற்கிறாள். "அதையே சொல்லுங்கோ அம்மா. அதைக் கேட்டுத்தானே நான் வெளியில வந்தனான்."

வாறன் அக்கா.