வெளி வீட்டுக்குப் போகாத பங்குகள்

பங்கு வாங்கினால் பொறுமை வேண்டும் என்று அண்ணன் யாருக்காவது உபதேசம் செய்யும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராஜபாளையத்தில் எந்த உறவினர் வீட்டு விசேஷமானாலும், பந்தியில் உட்கார்ந்ததுமே அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுவான்.

ஊரில் ஒரு நூல் மில் பங்கு வெளியிட்டபோது, அப்பா எங்கள் இருவர் பெயரிலும் சரிசமமாகத்தான் வாங்கினார். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மில் பங்கு வெளி வீட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் பங்கை அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு, அன்றைய விலைக்கு நகை போடுவார்கள். மில்லே எங்களுடையது என்பது போல என்ன ஒரு மிதப்பு! எங்களிடம் இருந்த பங்கு மில்லின் வாசல் கேட்டுக்குக்கூடக் காணாது.

கையெழுத்து வாங்க அண்ணன்தான் வந்தான்.

"ஏட்டி, இங்கன ஒரு கையெழுத்துப் போடு. ஒனக்கு ரெட்டை வடச் சங்கிலி வருது. பேப்பரைக் கழுத்துல மாட்டிக்கிட்டா போவ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

அதன்பின் மில் போனஸ் பங்கு கொடுத்தது. தொண்ணூறுகளில் மறுபடியும் கொடுத்தது. வருடா வருடம் டிவிடெண்ட் வேறு. அண்ணன் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. விற்காமல் சும்மா இருந்தான். அதற்கே மாடி வீடு எழும்பியது. என் சங்கிலி, கொழுந்தன் படிப்புக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் அடகுக் கடைக்குப் போய்ப் போய் வந்தது. அது ஒரு குட்டி மோதிரம்கூட ஈனவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். சேத்தூர்ச் சம்பந்தியிடம் அவன் பெருமையாகச் சொன்னான்: "நகையைக் கொறச்சிக்கிட்டோம். மில் பங்கு அம்புட்டும் அவ பேருக்கே எழுதியாச்சு. வளருத சொத்தை யாராச்சும் விப்பாகளா?"

என் பங்கும் அதற்குள்தான் இருந்தது.

"பங்கு வெளி வீட்டுக்குப் போகலாமாண்ணே?" என்று சபையிலேயே கேட்டுவிட்டேன்.

"அது அந்தக் காலம்" என்றான், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

விடாமல் மேலே கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, ஆசீர்வாதம் வாங்க அவன் மகள் என் காலில் விழுந்தாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? தூக்கி நிறுத்தி, அண்ணன் காதில் விழும்படியே சொன்னேன்:

"யார் வந்து கேட்டாலும் கையெழுத்து மட்டும் போட்டுராத. ஒங்கப்பனே வந்து கேட்டாலும்."