சொன்ன இடத்திலேயே சொல்லட்டும்

சேகு நெய்னாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடு என்று மீரான் பாத்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆ கேட்பாள். அதை வைத்து அவளை நல்ல மனசுக்காரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஆள் சொன்ன பொய்யை அவர் வாயாலேயே திரும்ப வாங்குவதற்குள் கண்ணை மூடி மௌத்தாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம்.

திரேஸ்புரத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. விடிந்ததும் இடியாப்பம் அவித்து விற்பாள். புருஷன் உதுமான் சங்கு குளிக்கப் போகிறவர். அவர் போன வள்ளம் சேகு நெய்னாவுடையது. வள்ளம் மட்டுமா, பள்ளிவாசல் ஜமாஅத்தின் தலைவர் பதவியும் அவருடையது, வார்டு கவுன்சிலர் பதவியும் அவருடையது. தெருவில் ஒரு தண்ணீர்க் குழாய் வர வேண்டுமென்றாலும் அவர் கண்ணசைக்க வேண்டும்.

சங்கு குளிப்பவர்களுக்கு வள்ளத்திலிருக்கும் கம்ப்ரசரிலிருந்துதான் டியூப் வழியாகக் காற்று இறங்கும். அந்தக் கம்ப்ரசர் பழுது, இன்ஜின் புகையும் காற்றோடு சேர்ந்து வருகிறது, அடியில் இருக்கும்போது தலை சுற்றுகிறது என்று உதுமான் தலைவரிடம் நேரிலேயே போய்ச் சொன்னார். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றார் தலைவர். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் உதுமானை மேலே இழுத்துப் போட்டார்கள். முகம் சிவந்திருந்தது, மூச்சு இல்லை.

அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலைதான், உடலைக் கிழிக்கக் கூடாது, மாலை அசர் தொழுகைக்குள் அடக்கிவிட வேண்டும். யார் யாரையோ பார்த்து, என்னென்னவோ பேசி, அறுக்காமலே மய்யித்தை வாங்கித் தந்தார் சேகு நெய்னா. அதற்காக மீரான் பாத்துவே கையேந்தி அவருக்கு துஆ செய்தாள். புருஷன் எதனால் செத்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியைத் தானே மண்ணுக்குள் வைத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு உறைத்தபோது, செய்த துஆவைத் திரும்ப வாங்க வழி உண்டா என்றுதான் முதலில் யோசித்தாள்.

அவள் இத்தா இருந்த காலத்தில், புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சேகு நெய்னா மைக்கைப் பிடித்தார். “உதுமான் நல்ல பையன்தான். அன்னைக்கு என்னமோ குடிச்சிட்டு இறங்கிட்டான். அல்லாஹ் அவன் பாவத்த மன்னிக்கட்டும், எல்லாரும் ஆமீன் சொல்லுங்க” என்றார். பள்ளிவாசலே ஆமீன் சொன்னது. போலீஸிலும் அதுவே முடிவானது. வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டுப் பார்க்காத மனிதனைக் குடிகாரனாக்கி, அவனுக்குப் பாவமன்னிப்பும் கேட்ட அந்தப் பெரிய மனசை என்னவென்று சொல்வது. மைக் சத்தம் அவள் அடுப்படிவரை கேட்டது. கதவைத் திறந்து போய் மறுக்க முடியாமல் அவள் உள்ளேயே வெந்தாள்.

இத்தா முடிந்ததும் இடியாப்பத் தட்டை எடுத்தாள். வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒன்றே சொல்வாள். “அவுக குடிக்கல. கம்ப்ரசர் பழுதுன்னு தலைவர்ட்ட முன்னாலயே சொன்னாக. அவர் மாத்தல.” அவ்வளவுதான். அழ மாட்டாள், ஏச மாட்டாள். மழை பெய்தாலும் பெருநாள் வந்தாலும் இடியாப்பத்தோடு இதுவும் உண்டு. சில பெண்கள் சலித்துப்போய் வேறு கடை பார்த்தார்கள். அவர்கள் அங்கே போயும் இதைத்தான் பேசினார்கள்.

சேகு நெய்னாவிடம் கவுன்சிலர் தேர்தலில் தோற்ற ரெக்ஸ் ஒரு நாள் வந்தார். அவரும் வள்ளக்காரர்தான்.

“தங்கச்சி, சேகு நெய்னா மகளப் பத்தி ஒரு சங்கதி இருக்கி. போட்டோவே இருக்கி. நீ வெளிய விட்டா ஊரு நம்பும். அந்தாளு தலை நிமிர முடியாது” என்றார்.

மீரான் பாத்துவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்றே சொல்ல வேண்டும். சேகு நெய்னா தலைகுனிந்து தெருவில் நடப்பதை நினைத்து நினைத்து ருசித்தாள். ஆனாலும் மனசு குடைந்தது. இடியாப்பம் வாங்க வந்த பள்ளிவாசல் இமாமிடம் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

“ஹஜ்ரத், அநியாயம் பண்ணினவர ஊரறியப் பேசலாமா?”

“உங்களுக்கு நடந்த அநியாயத்தத் தாராளமாச் சொல்லலாம்மா. அநியாயம் செய்யப்பட்டவங்களுக்கு அல்லாஹ் அந்த உரிமையக் குடுத்திருக்கான். நடந்ததுக்கு மேல ஒரு சொல்லு சொன்னா, அப்புறம் நீங்களும் அநியாயக்காரிதான்.”

“அவர் மக பண்ணினது?”

“அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?”

ரெக்ஸ் மறுபடி வந்தபோது, “உங்க சண்டைய நீங்க போடுங்க அண்ணாச்சி. எனக்கு என் கணக்கு மட்டும் போதும்” என்று அனுப்பிவிட்டாள். நல்ல தீனி கைநழுவிப் போன எரிச்சலில் அன்று மாவைப் போட்டு அடித்துப் பிசைந்தாள்.

இந்த வருஷம் சேகு நெய்னாவுக்கு ஹஜ் வாய்த்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது வழக்கம். கேட்பவரும் சிரித்துக்கொண்டே கேட்பார், கொடுப்பவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார், ஒரு டீயோடு முடியும். சேகு நெய்னா ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். மீரான் பாத்து வீட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டிப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காதே என்று வாசலில் நின்றார்.

“பாத்து, ஹஜ்ஜுக்குப் போறேன். எதுவும் மனசுல வைக்காம பொருந்திக்கோ.”

“பொருந்திக்கல” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவர் சிரித்துப் பார்த்தார். “என்ன பாத்து, வெளையாடுதியா?”

“இல்ல காக்கா” என்று அண்ணன் முறை வைத்தே சொன்னாள். “அவுக குடிச்சாகன்னு எங்க வச்சுச் சொன்னீங்களோ, அங்கன நின்னு உண்மையச் சொல்லுங்க. அப்புறம் வாங்க.”

அந்த இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இப்படித் தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். இது அந்தத் தெருவில் ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போலீஸ், கட்சி, வார்டு என்று எல்லாவற்றையும் கைக்குள் போட்டிருந்தவருக்கு இந்த ஒரு வாசலில் செல்வாக்கு எடுபடவில்லை. சொந்தக்காரர்களை அனுப்பினார். வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியனுப்பினார். ஓட்டுக்கூரையே போதும் என்றாள். கடைசியில் ஹஜ்ரத்தை அனுப்பினார்.

“மன்னிக்கிறது பெரிய நன்மைம்மா” என்றார் ஹஜ்ரத், தரையைப் பார்த்தபடி.

“தெரியும் ஹஜ்ரத். மன்னிக்கலைன்னா குத்தமா?”

தலைவர் நினைத்தால் நாளைக்கே வேறு இமாம் வந்துவிடுவார். “குத்தமில்ல” என்றார்.

“அப்ப அவருட்டயும் மார்க்கம் இதுதான்னு சொல்லுங்க. சபையில வச்சு வேண்டாம், தனியா வச்சுச் சொல்லுங்க. அந்தக் கம்ப்ரசர்ல இன்னைக்கும் ஆளுக இறங்குதாங்க, அதயும் சொல்லுங்க.”

ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். தலைவர் வீட்டிலிருந்து அவருக்கு வரும் சாப்பாடு மறுநாளே நின்றது. ஆனாலும் சொன்னது உள்ளே இறங்கி வேலை செய்தது. ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு முந்திய ஜும்ஆவில் மைக் கரகரத்தது.

“உதுமான் குடிக்கல” என்றார் சேகு நெய்னா. “கம்ப்ரசர் பழுதுன்னு என்ட்ட சொன்னான். நான் மாத்தல. எம்மேல கேசு வந்துரும்னு பயந்து பொய் சொல்லிட்டேன். இனி அந்தக் கம்ப்ரசர் கடலுக்குப் போகாது.”

அவள் அடுப்படியில் கூடியிருந்த பெண்கள் அழுதார்கள். மீரான் பாத்துவுக்கு அழுகை வரவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா, குரல் கொஞ்சம் உடையாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். புருஷன் பெயர் சுத்தமானதில் வயிறு குளிர்ந்தது. மனசின் பசி அடங்கவில்லை.

தொழுகை கலைந்ததும் சேகு நெய்னா நேரே அவள் வாசலுக்கு வந்தார். ஹஜ்ரத்தும் பாதிப் பள்ளிவாசலும் பின்னால் வந்தன.

“ஊரறியச் சொல்லிட்டேன் பாத்து. இப்பவாவது பொருந்திக்கோ.”

“என்னய நோவடிச்சத அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கிட்டேன், காக்கா.”

அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். அவர் கைகளை இறக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“எனக்குள்ளதத்தான் நான் தர முடியும். செத்தது அவுக. குடிகாரன்னு பேரு வாங்குனதும் அவுக. அத அவுகட்ட கேளுங்க.”

சேகு நெய்னா ஹஜ்ரத்தைத் திரும்பிப் பார்த்தார். இல்லை, அப்படியொன்றும் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று பார்த்தார். ஹஜ்ரத், அவள் சொன்னது சரிதான் என்பதுபோல் தலையசைத்தார்.

சேகு நெய்னா, உதுமானை அடக்கியிருந்த கபுருஸ்தான் பக்கம் நடந்தார். கூட வந்தவர்களில் ஒருவர்கூட அவர் பின்னால் போகவில்லை.