தண்ணீர் குடிக்காத வக்கீலம்மா

எதிர்த் தரப்பு வக்கீல்களுக்கெல்லாம் தண்ணி காட்டியவள் என்று கோர்ட் வட்டாரத்தில் அவளுக்குப் பெயர். ஆனால் கோர்ட் உள்ள நாட்களில் அவள் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியது கிடையாது. காலையில் கிளம்பும்போது அரை டம்ளர் காப்பி, அதோடு சரி. மத்தியானம் சக வக்கீல்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, பசியில்லை என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒரு வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு செருப்பும் கூடத்தில் ஒரு செருப்புமாகக் கழற்றி எறிந்துவிட்டுக் குளியலறைக்கு ஓடுவாள்.

வேண்டுதல் ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய கட்டடத்தில் ஆண்களுக்கென்று ஒரு கழிப்பறை, பெண்களுக்கென்று ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் பெண்கள் பக்கம் போனாள். கைகழுவிக்கொண்டிருந்த ஒரு மூத்த பெண் வக்கீல் வாயைத் திறக்கவில்லை, சிரிக்கக்கூடச் செய்தாள். மத்தியானத்துக்குள் வக்கீல் சங்கத்துக்குப் புகார் போயிருந்தது. சரி என்று மறுவாரம் ஆண்கள் பக்கம் போனாள். உள்ளே போனவுடன் யாரோ வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் சட்டம் படித்தவர்கள். அவளுடைய வழக்கு கோர்ட் ஹாலில் கூப்பிடப்பட்டு, ஆள் வரவில்லை என்று தள்ளுபடி ஆனது. அன்றைக்கு முடிவு செய்தாள்: இந்தக் கட்டடத்தில் இனிமேல் தண்ணீர் குடிப்பதில்லை.

தபால் ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவள். ஆண் பிள்ளை என்றுதான் வீடு கொண்டாடியது. சட்டப் படிப்பு முடிந்த கையோடு, தான் யார் என்பதை அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "போறதுன்னா இருட்டறதுக்குள்ள போயிடு" என்றார். பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை.

குருவி அவளுடைய முதல் கட்சிக்காரி. ஆள் ஒல்லி, வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். அவளும் வக்கீலம்மாவைப் போலவே வீட்டில் மகன் என்று எழுதப்பட்டு, வெளியே வந்து பெண்ணாக வாழ்ந்தவள். ஓட்டல் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் போலீஸ் வண்டியில் ஏற்றிப் போனார்கள். என்ன குற்றம்? சந்தேகப்படும்படி நின்றாள்.

"பஸ்ஸுக்கு நிக்கறதுல என்னங்க சந்தேகம்? பஸ் வருமாங்கறதுதான் சந்தேகம்" என்று குருவி கூண்டில் நின்று சொன்னபோது மாஜிஸ்திரேட்டே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அந்த வழக்கை வக்கீலம்மா விடவில்லை. கோர்ட்டுக்கு மேல் கோர்ட்டாக ஏறி, அப்படி நிற்பவர்களைப் பிடித்துப் போகும் அதிகாரத்தையே ரத்து செய்ய வைத்தாள். குருவி வெளியே வந்தபோது வாடகை அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு நாள் தங்கிக்கிறேன் என்று பையோடு வந்தவள், அதற்குப் பிறகு வேறு வீடு பார்க்கவே இல்லை. ஒருத்தி சமைத்தால் இன்னொருத்தி பாத்திரம் தேய்ப்பாள். சண்டை வந்தால் இரண்டு பேரும் பட்டினி. வக்கீலம்மாவை 'அக்கா' என்பாள், மரியாதைக்கு அல்ல. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது.

வழக்குகள் வந்துகொண்டே இருந்தன. தேர்வில் முதலாவதாக வந்தும் கண்டக்டர் வேலை மறுக்கப்பட்டவள், வாடகை வீட்டுக் கதவில் மலம் பூசப்பட்டவர்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை. பாதி தோற்றாள். ஜெயித்ததில் பாதிக்கு மேல்முறையீடு போட்டார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு சட்டமே கொண்டுவரலாம் என்று இறங்கி வந்தபோது, வரைவு எழுத அவளையும் உட்காரவைத்தார்கள்.

அந்த அறையில் ஒரு அதிகாரி. தங்கமான மனிதர், பேச்சில் அவ்வளவு பணிவு. வரைவில் ஒரு பிரிவை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மேடம், கூடப் பொறந்தவங்க மட்டுமில்ல, பல வருஷம் கூட வாழறவங்களயும் உறவா எடுத்துக்கணும்னு எழுதியிருக்கீங்க. இது ஒண்ணு இருந்தா மொத்தமும் நின்னு போயிடும். இத மட்டும் எடுத்துடுங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவள் யோசித்தாள். வேலை, வீடு, படிப்பு, போலீஸ், எல்லாம் மற்ற பிரிவுகளில் பத்திரமாக இருந்தது. எடுத்துவிடச் சம்மதித்தாள். சட்டம் நிறைவேறியது.

பொதுக் கட்டடங்களில் எல்லாரும் பயன்படுத்தும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. கோர்ட் கட்டடத்தில் மட்டும் வரவில்லை. இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். இடம் பார்த்து வருடங்கள் ஓடின.

"சட்டத்தயே மாத்திட்டீங்க, ஒரு கதவுக்குப் போய் இப்படி அலையறீங்களே மேடம்" என்று சங்கத் தலைவர் தோளைக் குலுக்கினார்.

இடையிடையே குளிர் காய்ச்சல் வரும். அடிவயிறு தீயாக எரியும். மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவாள். டாக்டரிடம் போகச் சொல்லிக் குருவி தொண்டை கிழியக் கத்துவாள். வாய்தா முடியட்டும் என்பாள் இவள். ஒரு வாய்தா முடிந்தால் இன்னொன்று இருக்கும்.

ஒரு நாள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மேஜையைப் பிடித்தபடி சரிந்தாள். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. பெண் டாக்டர் ஒருத்தி கட்டில் ஓரமாக உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

"திரும்பத் திரும்ப வந்த தொற்ற அப்படியே விட்டிருக்கீங்க. பிரஷரும் ரொம்ப நாளாவே இருந்திருக்கு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சும்மா. இத்தன வருஷமா தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

 குருவிதான் சொன்னாள்: "குடிச்சா எங்க போவா, டாக்டர்?"

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் கோர்ட்டில் அந்தக் கழிப்பறையும் வந்து சேர்ந்தது. புது வெள்ளைக் கதவு, பெரிய பலகை. சங்கத் தலைவர் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். சிறுநீர் என்ற ஒன்று அவளுக்கு நின்றே போயிருந்தது. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் நன்றாகச் சிரித்திருந்தாள்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைக்கலாம் என்றாள் டாக்டர். நெருங்கிய உறவு யாராவது கொடுக்க வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தம்பி, இரும்புக் கடை வைத்திருந்தான். சொல்லி அனுப்பியதும் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். கட்டிலருகே நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயாலிசிஸ் மெஷினைப் பார்த்தபடி, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை அதிகாரிகளைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறாள்! கோப்பில் தப்பாகப் போட்ட ஒரு 'திரு'வுக்காக நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்தவள். குருவி வாயைத் திறக்கப் போனாள். வக்கீலம்மா அவள் கையை அழுத்தினாள்.

"இருக்கேன்டா. நீ எப்படி இருக்க?"

உயிர் ஆசை அந்தச் சொல்லை விழுங்க வைத்தது. அவன் இருந்த நேரம் முழுக்க 'அண்ணே, அண்ணே' என்றான். அவளும் ஒவ்வொரு தடவையும் 'சொல்லுடா' என்றாள். போகும்போது, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்றான். வரவில்லை. குருவி கடைக்கே போய்க் கேட்டாள்.

"புள்ளைங்க இருக்கு, அவளும் ஒத்துக்க மாட்டேங்கறா. கோச்சுக்க வேணாம்னு அண்ணங்கிட்ட சொல்லுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டானாம். அவன் கண் கலங்கியிருந்தது என்று குருவி சொல்லவில்லை. பிறகு ஒரு சண்டையில்தான் வாய் தவறி வந்தது.

"அவன் கெடக்கறான். எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு உனக்கு. முடிஞ்சுது பேச்சு" என்றாள் குருவி.

பரிசோதனைகள் எல்லாம் நடந்தன. பொருந்தியது. டாக்டருக்கே ஆச்சரியம். ஆனால் உறவில்லாதவர் கொடுப்பதென்றால் அதற்கென்று ஒரு குழு இருந்தது. காசுக்கு உறுப்பு விற்பதைத் தடுக்க வைத்த குழு. அவர்கள் சரி என்றால்தான் கத்தி வைக்கலாம்.

குழு கூடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி நடையில் ஒரு நர்ஸ் குருவியை ஓரமாகக் கூப்பிட்டாள். "கூடப் பொறந்தவங்கன்னு சொல்லிடுங்க. இங்க பாதிப்பேரு அப்படித்தான். பேப்பரெல்லாம் ரெடி பண்ணித் தர ஆளு இருக்கு." குருவி ஓடி வந்து சொன்னாள்.

வக்கீலம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய் சொல்லிக் கெடைக்கறது எனக்கு வேணாம். ஒரு தடவ மாட்டினா, நாளைக்கு நம்ம ஆளுங்க யாரு போய் நின்னாலும் பொய்யின்னுதான் சொல்லுவாங்க. நான் உள்ளத சொல்லி வாங்கறேன்."

"நீ ஜெயிக்கறதுக்கு இது கேஸு இல்லக்கா. உசுரு."

"எல்லாக் கேஸும் உசுருதான்டி."

குழுவில் ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குருவியைக் கேட்டார்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

ஓயாத வாய் அன்றைக்கு நின்றுபோனது. அக்கா என்றால் பொய். சிநேகிதி என்றால் போதாது. "இவங்க இல்லன்னா நான் இல்லீங்க" என்றாள்.

"அது சரிம்மா. உறவு என்ன?"

வக்கீலம்மா எழுந்து வாதாடினாள். சேர்ந்து வாழ்ந்த வருடங்களைச் சொன்னாள். ஒருத்தி ஜுரத்தில் கிடந்தால் இன்னொருத்தி வேலைக்குப் போகாமல் இருந்ததைச் சொன்னாள். ஊர் ஊராக அடுத்தவர்களுக்குப் பேசிய குரல் தனக்குப் பேசும்போது கம்மியது. பணம் கைமாறவில்லை என்று எப்படி நம்புவது என்று குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்த பத்து வழக்கில் எட்டு அப்படித்தான். சட்டத்தில் இந்த மாதிரி உறவு இல்லையே என்று எல்லாருமாகச் சேர்ந்து வருத்தப்பட்டு, மறுத்துவிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போனாள். பத்திரிகைகளில் அவள் படமும் குருவி படமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. உட்கார்ந்தே வாதாடலாம் என்று ஜட்ஜ் அனுமதி கொடுத்தார். ஒரு வாய்தா டயாலிசிஸ் நாளில் விழுந்தது. ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்து, மூச்சு இரைக்க உட்கார்ந்திருந்தாள். அரசு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் வந்த தீர்ப்பு, மனுதாரரின் நீண்ட சேவையை இரண்டு பக்கம் பாராட்டியது. உறவுப் பட்டியலை நீட்டும் வேலை சட்டமன்றத்துடையது, கோர்ட்டுடையது அல்ல என்று முடிந்தது.

ஆட்டோவில் திரும்பினார்கள். ஒரு சிக்னலில் நின்றபோது குருவி கேட்டாள்.

"அன்னிக்கு அந்த ஆபீசரு அந்தப் பிரிவ எடுக்கச் சொன்னப்ப நீ ஏன்க்கா சரின்னு சொன்ன?"

"மத்ததாவது கெடைக்கட்டும்னு."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. எத்தன பேரு வேலைக்குப் போறாங்க. நீயே பாக்கறியே."

"நமக்கு?"

வக்கீலம்மா ரோட்டைப் பார்த்தாள். பிறகு, ஆட்டோக்காரனுக்குக் கேட்காத குரலில், "வேற ஊருக்குப் போலாமா? வேற ஆஸ்பத்திரி. நீ என் தங்கச்சின்னு சொல்லிடுவோம். அந்த நர்ஸு சொன்ன ஆள விசாரிச்சுப் பாரு" என்றாள்.

குருவி திரும்பிப் பார்த்தாள். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. 

"நீ சொல்லாட்டியும் போன வாரமே விசாரிச்சிட்டேன்" என்றாள் குருவி. "முடியாதாம். ரெண்டு பேரு மூஞ்சியும் பேப்பர்ல வந்திடுச்சாம். தங்கச்சி இல்லன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்திடுச்சே, இனிமே எந்த ஊர்ல யாரு நம்புவான்னு கேக்கறான். ரெண்டு இருக்குக்கா எங்கிட்ட. சும்மா இருக்கு. வாங்கிக்க ஆளிருந்தும் குடுக்க முடியல."

அப்போதுதான் வக்கீலம்மா அழுதாள். கதவை வெளியே பிடித்துக்கொண்டவர்கள் முன்னாலும், அப்பா முன்னாலும், குழு முன்னாலும் வராத அழுகை. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். குருவி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.  

பணிவான அந்த அதிகாரி இப்போது இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார். திருத்தம் ஒன்று கொண்டுவரச் சொல்லி அவரைப் பார்க்கப் போனார்கள். வாசல் வரை வந்து வரவேற்றார். கட்டாயம் செய்யலாம், அடுத்த கூட்டத்தொடரில் பார்ப்போம் என்றார். அடுத்த கூட்டத்தொடர் வந்து போய்விட்டது.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் முடிந்தால் கோர்ட். கையில் ஊசி போடும் இடத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. அடுத்த கையைப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறாள் டாக்டர். இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவள் பெயர் இருக்கிறது. வரிசை நகர்ந்ததா என்று குருவி போகும்போதெல்லாம் ஜன்னலில் தலையை விட்டுக் கேட்கிறாள். நகரும்மா, உட்காருங்க என்கிறார்கள். அவள் உட்காருவதில்லை.