ஆதிரை, திருவாதிரை

1993 பிப்ரவரி 9, செவ்வாய். இரவு எட்டு மணிக்கு வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாசிர் ரிஸ் வீட்டுக்கு மேலே திருவாதிரை நட்சத்திரம் சிவந்து தெரிந்தது. அது சில மாதங்கள் மங்கும். அன்று நல்ல வெளிச்சம்.

அக்கா பிறந்த நட்சத்திரம் அது. அதனால்தான் ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். 1956இல் அவள் காய்ச்சலில் இறந்த பிறகும், சிராங்கூன் சாலைக் கோவிலில் அம்மா அவள் பெயருக்கே அர்ச்சனை செய்தார்.

"பேரு, நட்சத்திரம்?"

"ஆதிரை, திருவாதிரை."

கற்பூரப் புகைக்குள் குருக்கள் அதைத் திரும்பச் சொல்லும்போது, அக்கா வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். பத்து வயதான நான் ஒருநாள் பயந்துபோய்ச் சொன்னேன்: "அக்காதான் செத்துப்போச்சே, சாமி."

அம்மா தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

செடிகளுக்கு மேலே அந்த நட்சத்திரத்தைப் பார்த்த இரவுக்கு மறுநாள் காலை, முதல் வேலையாக அதே கோவிலுக்குப் போனேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"ஆதிரை," என்றேன். "திருவாதிரை."