பறக்கத் மூடி

"கையக் காட்டுங்க பாப்பம், நானா."

மருந்து வாங்க எந்த அண்ணன் வந்தாலும், நீட்டிய உள்ளங்கையில் றைஸா முதலில் வைப்பது ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை. பூச்சிமருந்துப் போத்தல் அதற்குப் பிறகுதான். வேண்டாம் என்று சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்தால் போத்தலும் அலுமாரிக்குத் திரும்பிப் போய்விடும்.

மாம்புரியில் மிளகாயும் வெங்காயமும் செய்கிறவர்களுக்கு மருந்து விற்கிற சின்னக் கடை அது. சண்டைக் காலத்தில் மன்னாரை விட்டு இங்கே வந்த குடும்பம் றைஸாவுடையது. சண்டை முடிந்து பாதை திறந்ததும் அவருடைய சொந்தத்தில் பாதிப்பேர் ஊர் திரும்பினார்கள். றைஸா அசையவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் போனா இவங்களுக்கு ஆரு அளந்து குடுக்கிற?" என்று நம்மையே மடக்குவார்.

ஊர் அளப்பது போத்தல் மூடியால். பத்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு மூடி. அதோடு விட்டாலும் பரவாயில்லை. அரிசி அளந்தால் அல்லாஹ்வின் அருள் சேரட்டும் என்று மேலே ஒரு பிடி போட்டுப் பழகிய கை, மருந்திலும் "பறக்கத்துக்கு" என்று இன்னொரு மூடியைச் சரித்துவிடும். இதைக் கேட்டால் றைஸாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் விதவிதமான மூடிகள் சேர்த்து வைத்திருக்கிறார். வந்தவர் கண்முன்னால் அவற்றில் தண்ணீர் நிரப்பி, சிரிஞ்சால் உறிஞ்சிக் காட்டுவார். ஒரு மூடி ஐந்து மில்லி பிடிக்கும், இன்னொன்று பதினைந்து.

"கொம்பனிக்காரன் மூடிய மாத்துவான். ஒங்கட ஈரல மாத்தித் தருவானா?"

கேட்டுக்கொண்டே அடுத்த மூடியை நிரப்புவார்.

இத்தனை கறாரானவர் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதைப் பார்க்கவேண்டும். கரண்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கடையில் அடிக்கடி வந்து உட்காரும் நான் ஒரு மிடறு குடித்துவிட்டு முழித்தால், "சீனி பத்தலயா?" என்று மறுபடி டின்னைத் திறப்பார்.

போன போகத்தில் அவர் தம்பி ஹிஸ்புல்லா, மருந்தடித்துக்கொண்டிருந்தவன், வாந்தியெடுத்து மிளகாய்ப் பாத்தியிலேயே விழுந்தான். ஆசுபத்திரியில் அவன் கண்ணைத் திறந்த பிறகுதான் றைஸாவுக்கு உயிர் வந்தது. மருந்து இவர் விற்றது. ஒரு மூடியும் பறக்கத்துக்கு ஒரு மூடியும் ஊற்றியது அவன். கடைக்குச் சிரிஞ்ச் வந்தது அதன் பிறகு. "கூடப் பொறந்தவனுக்கு நானே நஞ்ச வித்திட்டேனே" என்று ஒருநாள் சொன்னார். பாவமாக இருந்தது.

நேற்றுக் காலை அந்த ஹிஸ்புல்லா, முதுகில் மாட்டும் மருந்துத் தாங்கியோடு கடை வாசலில் நின்றான். குணமான பிறகு முதல்முறையாகத் தோட்டத்தில் இறங்கப் போகிறான். றைஸா கையுறை மாட்டி, தாங்கியில் பத்து லீற்றர் தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சில் பத்து மில்லி இழுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துச் சரிபார்த்து, உள்ளே விட்டார்.

"இவ்வளவுதானா, ராத்தா? பூச்சி இதக் குடிச்சிட்டுச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீயும் சிரிச்சிட்டு வீட்டுக்கு வா."

அவன் தலையைச் சொறிந்தான். "சும்மா ஒரு சொட்டு... பறக்கத்துக்கு?"

இன்றைக்கு இவன் தொலைந்தான் என்று நினைத்தேன். றைஸா ஏசவில்லை. போத்தலை இறுக்கி மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவினார். பிறகு வாளியிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீரை விளிம்பு வழிய மொண்டு, "பிஸ்மில்லாஹ். இந்தா, பறக்கத்" என்று தாங்கியில் ஊற்றினார். அவன் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கோப்பை மொண்டார்.